முதல் பிடி அரிசி

வரலாறு எழுத ஹைதராபாத்துக்குப் போகிறேன் என்றதும், உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யாரு வரலாறு?”

“அங்க ஒரு தமிழ்ச் சபை இருக்கும்மா. சர்ச். அவங்க வரலாறு.”

“அவங்க கத அவங்களுக்குத் தெரியாதாக்கும்? தூத்துக்குடியில இருந்து நீ போயி சொல்லணுமாக்கும்?”

எம்.ஏ. படித்து, ஆராய்ச்சிக்கும் பதிவு செய்தவன் நான். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். இந்தக் கேள்விக்கே பதில் தெரியவில்லை என்றால் எப்படி என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

என்னைக் கூப்பிட்டவர் ஜெபராஜ் அண்ணன். என் கல்லூரியில் எனக்கு வெகுகாலம் முன்பு படித்தவர். இப்போது ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் வேலை; செகந்திராபாத்தில் உள்ள ஒரு பழைய தமிழ்ச் சபைக்குச் செயலாளர். சபைக்கு ஆண்டு மலர் போடுகிறார்கள், அதில் சபை தோன்றிய வரலாறு வேண்டும். கிறிஸ்தவ மாணவர்கள் எத்தனையோ பேர் இருக்க, சுடலைமணி என்று பெயர் உள்ள என்னை ஏன் கூப்பிட்டார் என்று கேட்டேன். “அதுக்குத்தான்ல கூப்பிட்டேன். கமிட்டியில உன் பேரைச் சொன்னதும் ரெண்டு கட்சியும் ஒத்துக்கிட்டாங்க. நடுநிலையான ஆள்னு” என்றார்.

இரண்டு கட்சி இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை மதியம் அவர் வீட்டில் அவர் மனைவி ஸ்டெல்லா மைனி மீன்குழம்பு ஊற்றிக்கொண்டே விவரம் சொன்னார். ஏரி மீன். ருசி இருந்தது, ஆனால் கடல் இல்லை. மகள் கம்பெனி குடியிருப்புப் பள்ளியில் படிக்கிறாள். “தண்ணி எடுத்துட்டு வா” என்று மைனி தமிழில் சொல்ல, அவள் தெலுங்கில் ஏதோ பதில் சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தாள். வீட்டில் யாருக்கும் இது ஆச்சரியமாக இல்லை.

விவகாரம் இதுதான். சபையில் வருடம் ஒரு முறை அசனம். எங்கள் ஊர்ப்பக்கமும் உண்டு. சர்ச்சை எங்கள் ஊரில் கோயில் என்போம். கோயில் வளாகத்தில் பெரிய அண்டாக்களில் பொங்கி, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுவார்கள். நானே வருடம் தவறாமல் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன், சாதி மதம் யாரும் கேட்டதில்லை. இந்தச் சபையில் கூடுதலாக ஒரு வழக்கம். ஜெபம் முடிந்ததும், கொதிக்கும் முதல் அண்டாவில் முதல் பிடி அரிசியைச் சபையைத் தொடங்கியவரின் குடும்பத்தில் மூத்தவர் போட வேண்டும். காலம் காலமாக அதைப் போடுவது, வேதம் போதிக்கத் தெற்கே இருந்து வந்த உபதேசியார் ஞானாதிக்கத்தின் வாரிசுகள். இப்போது அந்த இடத்தில் இருப்பவர் தேவசகாயம் அங்கிள், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்.

“இந்த வருசம் ரோசலின் ஆன்ட்டி கேக்காங்க” என்றார் மைனி. “உபதேசியார் வர்றதுக்கு முன்னாலயே அவங்க கொள்ளுத்தாத்தா பாக்கியநாதன்தான் அசனம் பொங்கினாராம். ராணுவ மெஸ்ஸுல சமையல்காரர். ஆன்ட்டி அடுத்த மாசம் பூனாவுக்கு மகன் வீட்டுக்கே போறாங்க. இந்த வருசம் விட்டா அவங்களுக்கு இல்ல.”

“கமிட்டி என்ன சொல்லுது?”

“வரலாறு வரட்டும், பாக்கலாம்னுட்டு. நீதான் வரலாறு. இன்னும் ஒரு துண்டு மீன் வை.”

சனிக்கிழமை மாலை கமிட்டியில் நான் வாசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அசனம்.

எனக்கு இரண்டு பேராசிரியர்கள். ஒருவர், எழுத்தில் இல்லாதது வரலாற்றில் இல்லை என்பார். இன்னொருவர், எழுதத் தெரிந்தவன் எழுதியதை மட்டும் நம்பினால் உன் அப்பன் பிறக்கவே இல்லை என்பார். இரண்டாமவர் சொன்ன அன்று வகுப்பில் எனக்கு எங்கள் உப்பளம் நினைவுக்கு வந்தது. உப்புச் சாக்கில் முதலாளி பெயர் அச்சடித்திருக்கும். வாரியவர்கள் பெயர் எந்தச் சாக்கிலும் இருந்து நான் பார்த்ததில்லை. ஆக, சமையல்காரர் பாக்கியநாதன் என்ற பெயரை மைனி சொன்னபோதே, மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்த நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரோசலின் ஆன்ட்டியைப் பார்க்க சைனிக்புரிக்குக் கிளம்பினேன். நகரத்தின் மேற்கு முனையிலிருந்து வடகிழக்குக்குப் போக வேண்டும். சாலையில் ஒரு பஸ் வந்து நின்றது. ஏறினேன். எல்லோர் மடியிலும் சாப்பாட்டுப் பை. பாதிப் பேர் தூக்கத்தில். கண்டக்டர் இல்லை. இறங்கும்போது டிக்கெட் கேட்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் இவ்வளவு அமைதியான பஸ்ஸை நான் பார்த்ததே இல்லை.

பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்து நின்றது. தொழிற்சாலை. சாலையின் தப்பான பக்கத்தில் நின்று, கம்பெனி பஸ்ஸில் ஏறியிருக்கிறேன்.

காவலாளி அட்டையைக் கேட்டார். பல்கலைக்கழக அட்டையைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொரு காவலாளியிடம் தெலுங்கில் சொன்னதை, பக்கத்தில் நின்ற ஒருவர் எனக்குத் தமிழில் சொன்னார்: “சரித்திரமாம்.” அதற்கு மற்றவர், “உள்ளே என்ன சரித்திரம் இருக்கு? பாய்லர்தான் இருக்கு. வெளியே அனுப்பு.”

அதற்குள் பஸ்ஸில் வந்த ஒரு பெரியவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. காவலாளியிடம் தமிழும் தெலுங்குமாக அடித்துச் சொன்னார்: “பையன் புது அப்ரண்டிஸ். நேற்றும் இதே பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தான். அட்டை இன்னும் கொடுத்திருக்க மாட்டார்கள்.” நேற்று அந்த நேரத்தில் நான் ரயிலில் இருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கே ஒரு கணம், நேற்று வந்தேனோ என்று சந்தேகம் வந்தது.

எப்படியோ வெளியே வந்து, மூன்று வண்டி மாறி, சைனிக்புரி போய்ச் சேர்ந்தேன். மரங்களும் வீட்டு மதில்களில் ராணுவப் பதவிப் பெயர்களும் உள்ள அமைதியான இடம். ரோசலின் ஆன்ட்டியின் வீட்டுக்காரர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து இறந்தவர். கூடத்தில் பூனாவுக்குப் போக வேண்டிய பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன.

“வாப்பா. கைக்கு இவ்ளோ லேட்டு?” என்றார். ஏன் என்பதை இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். பஸ் கதையைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். “ஃபேக்டரியில வேல வாங்கினு வந்திருக்கலாம் நீ. சரித்திரத்துல என்னா சம்பளம் வருது?”

இலவங்கம் பட்டை மணக்கும் பகாரா சோறும் தால்ச்சாவும் வைத்தார். தால்ச்சா என்றால் பருப்பும் சுரைக்காயும் ஆட்டு எலும்பும் சேர்த்து, புளிவிட்டுச் செய்கிற குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியில் பதிவை ஓடவிட்டேன்.

சாப்பாட்டின் நடுவில், “இங்க அசனத்துலயும் தால்ச்சாதானே ஆன்ட்டி?” என்று கேட்டேன்.

“ஹவ்.” ஆமாம் என்பது இங்கே அப்படித்தான். “அது இல்லாம என்ன அசனம்?”

எனக்குள் விளக்கு எரிந்தது. எங்கள் ஊர் அசனத்தில் தால்ச்சா இல்லை. உபதேசியார் தெற்கே இருந்து வந்தவர், அவர் தொடங்கியிருந்தால் எங்கள் ஊர்க் குழம்பல்லவா வந்திருக்கும்? ராணுவ மெஸ், மிஞ்சிய எலும்பு, பருப்பு. சமையல்காரர்தான். சாட்சி தட்டிலேயே கிடக்கிறது! ஆன்ட்டியிடமும் அதைச் சொன்னேன்.

கை கழுவும்போது ஆன்ட்டி பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாப்பது வருஷமா அந்த அண்டாக்குப் பின்னால நின்னு பாக்குறேன்பா. முதல்ல எங்க அப்பா நின்னு பாத்தாரு, அப்புறம் நான். ஒரு பிடி அரிசி. அவ்ளோதான் நான் கேக்குறது.”

அன்று மாலை ஜெபராஜ் அண்ணன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, பதிவைப் போட்டுப் போட்டுக் கேட்டு எழுதினேன். மைனி தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“மணி, இது யாரு பேசுறது?”

“ரோசலின் ஆன்ட்டி, மைனி.”

“ஆன்ட்டி எங்கய்யா பேசுதாங்க? முழுக்க உன் சத்தமால்லா கேக்கு.”

சிரித்தேன். பிறகு மறுபடி கேட்டேன். கைப்பேசியில் இப்படி இருந்தது:

“அப்போ உபதேசியார் வர்றதுக்கு முன்னாடியே உங்க கொள்ளுத்தாத்தா அசனம் பொங்கியிருப்பார், இல்லையா ஆன்ட்டி?”

“இருக்கும்பா.”

“மெஸ்ஸுல மிஞ்சின அரிசிய வச்சு?”

“ஹவ்... நீ சாப்டு, ஆறிப்போவுது.”

“பட்டாளத்துல இருந்த ஏழைத் தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிட்டு?”

“கூப்ட்டுதான் இருப்பாரு. இன்னும் கொஞ்சம் ஊத்தவா?”

நான் எழுதி வைத்திருந்த பக்கத்தைப் பார்த்தேன். ‘பாக்கியநாதன், ராணுவ மெஸ்ஸில் மிஞ்சிய அரிசியைக் கொண்டு, ஏழைத் தமிழ்க் குடும்பங்களை அழைத்து...’ அதில் ஆன்ட்டியின் வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஊத்தவா என்பதைத் தவிர அவர் சொந்தமாக எதையும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே வரலாற்றையும் நானே பிசைந்திருக்கிறேன்.

“தோசை காயுது, சாப்பிடு” என்றார் மைனி. வாயில் வைத்தேன். உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை, நகரத்தின் கிழக்கு முனையில் இருக்கும் உப்பல். மெட்ரோவில் போனேன். தேவசகாயம் அங்கிள் லுங்கியோடு கேட் வரைக்கும் வந்து வரவேற்றார். பகையாளி வீட்டுக்கு வருகிறோம் என்று நெஞ்சை இறுக்கிக்கொண்டு போயிருந்தேன்; மனிதர் மிர்ச்சி பஜ்ஜி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“என்னா தம்பி, தால்ச்சாவில துப்பு கண்டுபிடிச்சியாமே? ரோசலின் போன் பண்ணா.”

அவர்கள் இருவரும் தினமும் போனில் பேசிக்கொள்கிறவர்கள் என்பது எனக்கு யாரும் சொல்லாத செய்தி.

“தப்பா அங்கிள்?”

“எங்க அம்மாவும் தால்ச்சாதான் செய்வாங்க. இந்த ஊர்ல கல்யாணத்துக்கும் தால்ச்சா, சாவுக்கும் தால்ச்சா. பக்கத்து வீட்டு ரெட்டி வீட்லகூட தால்ச்சா. அவங்களும் எங்க சபையத் தொடங்கினவங்களா?” என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

என் சாட்சி பஜ்ஜித் தட்டின் பக்கத்திலேயே செத்தது. மிச்சம் இருந்தது எழுத்து. சபையின் பழைய மலர் ஒன்று உண்டு, அதில் உபதேசியார்தான் ஸ்தாபகர் என்று அச்சில் இருக்கிறது. முதல் பேராசிரியரை மனதில் நினைத்துக்கொண்டு கேட்டேன்: “அந்த மலர்ல வரலாற்றை எழுதினது யாரு அங்கிள்?”

“எங்க அப்பாதான்.”

“அவருக்கு யார் சொன்னாங்க?”

“எங்க தாத்தா.”

“வேற யாரையாவது கேட்டாரா?”

“கைக்கு கேக்கணும்? வீட்லயே தாத்தா இருக்குறாரு. பக்கத்துல சாய்வு நாற்காலி. எங்க அப்பா ‘அப்போ நம்ம தாத்தாதானப்பா ஆரம்பிச்சாரு?’ன்னுவாரு. அவரு தலைய ஆட்டுவாரு. நான் சின்னப் பையன், பாத்தேனே.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பஜ்ஜியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏன் தம்பி முழிக்கிற?”

“உங்க அப்பாவும் நானும் ஒரே மாதிரி கேட்டிருக்கோம் அங்கிள்.”

அவர் எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்தார். பிறகு குரல் தாழ்ந்தது: “தம்பி, ரோசலின் எனக்குத் தங்கச்சி மாதிரி. ஆனா அந்தப் பிடி அரிசிய எங்க அப்பா போட்டாரு, நான் போட்டேன். இல்லன்னு நீ எழுதினா, எங்க அப்பா இத்தன வருஷம் பொய்யா நின்னாருன்னு ஆகும். அது நக்கோ, வேணாம். புரியுதா?”

புரிந்தது. சிக்கலே அதுதான், எல்லோரும் சொல்வது எனக்குப் புரிந்துகொண்டே இருந்தது. திரும்பும்போது மெட்ரோவில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டு, இரண்டு நிலையம் தாண்டிப் போய் இறங்கினேன்.

மாலையில் கமிட்டி கூடியது. நான் வாசித்தேன்: ‘சபையைத் தொடங்கியவர் உபதேசியார் ஞானாதிக்கம் என்று அவர் மகனிடம் கேட்டுப் பேரன் எழுதியிருக்கிறார். முதல் அசனத்தைப் பொங்கியவர் சமையல்காரர் பாக்கியநாதன் என்று அவர் குடும்பத்தில் சொல்கிறார்கள்; அது எப்படி நடந்தது என்பதைக் கொள்ளுப்பேத்தியிடம் நான்தான் சொன்னேன், அவர் மறுக்கவில்லை. இரண்டில் எது நடந்தது என்று சொல்ல என்னிடம் வழி இல்லை.’

தாளை மடித்தேன்.

“அவ்வளவுதானா?” என்றார் பொருளாளர்.

“அவ்வளவுதான் சார்.”

“இதுக்கா தூத்துக்குடியிலேருந்து ஆளு வரவச்சோம்? இது எங்களுக்கே தெரியுமே!”

அம்மாவின் குரல் அப்படியே கேட்டது. ஐயர்வாள், அதாவது சபையின் பாதிரியார், இரண்டு பேரும் சேர்ந்து போடட்டுமே என்றார். “சேந்து போட்டா அதுல முதல் பிடி எது?” என்று ஆன்ட்டியும் அங்கிளும் ஒரே குரலில் கேட்டார்கள். அதில் மட்டும் இருவருக்கும் ஒரே கொள்கை. கடைசியில், வரலாறு முடிவாகாததால் பழைய வழக்கமே தொடரும் என்று தீர்மானித்தார்கள். அங்கிள் போடுவார்.

ரோசலின் ஆன்ட்டி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். என்னைத் தாண்டும்போது, “நல்லா எழுதியிருக்கப்பா. நெசமா” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் வளாகத்தில் விறகு அடுப்பில் மூன்று அண்டா. சமைப்பவர் மஸ்தான் பாய். அசனத்துக்கு வருடா வருடம் அவர்தான். ஆராதனை நீண்டுகொண்டே போக, அவர் உருதுவில் முணுமுணுத்ததை ஜெபராஜ் அண்ணன் சொன்னார்: “உங்க ஜெபம் முடியுறதுக்குள்ள என் தண்ணி பாதியாயிடும்.”

எல்லோரும் வந்து அண்டாவைச் சுற்றி நின்றார்கள். ஊறவைத்த அரிசித் தாம்பாளம் அங்கிளின் முன்னால் ஸ்டூலில் இருந்தது. அங்கிள் வேட்டி சட்டையில் நிமிர்ந்து நின்றார். ஆன்ட்டி வழக்கம்போல அவருக்கு ஒரு அடி பின்னால். ஐயர்வாள் ஜெபத்தைத் தொடங்கினார். அத்தனை பேரும் கண்ணை மூடிக் குனிந்தார்கள். மஸ்தான் பாய் விறகைத் தள்ளத் திரும்பினார். கண்ணைத் திறந்தபடி அங்கே நின்றது நான் ஒருவன். எனக்கு மூடிப் பழக்கமில்லை.

அப்போது ஒரு கை தாம்பாளத்துக்குப் போனது. மூடியபடி அண்டாவின் மேலே நீண்டது. விரிந்து திரும்பியது. கண்ணாடி வளையல் ஒரு முறை அண்டா விளிம்பில் பட்டது. ஆவி எழுந்து என் மூக்குக் கண்ணாடியை மூடிவிட்டது. துடைத்துப் போட்டபோது ஆன்ட்டி தலை குனிந்து, கண் மூடி, அதே இடத்தில் நின்றிருந்தார்.

“ஆமென்” என்றார்கள். அங்கிள் எல்லோர் முன்னிலையிலும் ஒரு பிடி எடுத்து அண்டாவில் போட்டார். கை தட்டினார்கள்.

பந்தியில் தால்ச்சா ஊற்ற வந்த ஆன்ட்டியிடம் மெதுவாகக் கேட்டேன்: “ஆன்ட்டி, ஜெபம் நடக்கும்போது நீங்க...”

“ஜெபத்துல கண்ணு மூடலயா நீ?”

“இல்ல. நீங்கதானே முதல்ல...”

கரண்டியை உயர்த்தி என்னை நிறுத்தினார். “தோ பாரு, மறுபடி ஆரம்பிச்சிட்ட. நீ கேப்ப, நான் ஹவ்ன்னுவேன், நீ எழுதிடுவ. நான் வாயே தெறக்க மாட்டேன்.” சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விட்டார். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று எழுதலாம். ஆனால் நான் நினைப்பதைத்தான் எழுதுவேன்.

நான் பார்த்தது ரோசலின் ஆன்ட்டியின் கை. நான் பார்க்க ஆசைப்பட்டதும் அதுதான். நேற்றும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தான் என்று காவலாளியிடம் பஸ் பெரியவர் அடித்துச் சொன்னாரே, அவர் முகம் நினைவுக்கு வந்தது. அவரும் பார்த்தவர்தான்.

அன்று மாலை ரயிலேறும் முன், மலருக்கான பக்கங்களின் கடைசியில் ஒரு வரி சேர்த்து ஜெபராஜ் அண்ணனிடம் கொடுத்தேன்: ‘இந்த ஆண்டு அசனத்தில் ஆமென் சொல்லப்படும் முன்பே முதல் பிடி அரிசியை ரோசலின் அம்மாள் போட்டதை, அவர் போட வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவர் பார்த்தார்.’

ரயில் கிளம்பிச் சற்று நேரத்தில் அண்ணன் போனில் அழைத்தார்.

“தம்பி, கடைசி வரியப் படிச்சேன். அங்கிளுக்கும் படிச்சுக் காட்டினேன்.”

“என்ன சொன்னாங்க?”

“மறுபடி ஒரு தடவ படிக்கச் சொன்னாரு. அப்புறம், ‘வளையல் சத்தம் எனக்கும் கேட்டுச்சு, நான் ஜெபத்துல இருந்தேன்’னாரு. வரி இருக்கட்டுமாம்.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா அந்த ‘ஆசைப்பட்ட ஒருவர்’ வேணுமால? எடுத்துட்டா வரி சுத்தமா இருக்கும். ஆன்ட்டி போட்டாங்கன்னு நேரா நிக்கும்.”

நேராக நிற்கும், ஆன்ட்டிக்கும் அதுதான் நல்லது. இன்னும் எத்தனையோ வருடம் கழித்து என்னைப் போல் ஒருவன் வந்து, அச்சில் இருக்கிறதே என்று அதை நம்புவான்.

“எடுக்காதீங்க அண்ணே. ஒருவர்னு இருக்க இடத்துல என் பேரைப் போடுங்க.”

“சபை மலர்லயா? சுடலைமணின்னா?”

“ஆமா, முழுப் பேரு. நடுநிலையாளர்னு மட்டும் போட்டுராதீங்க.”